அழிவுக்குத் தப்பிய காசுகள்

முதலாம் இராஜராஜ சோழனின் பெயர் பொறித்த செப்புக் காசு ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஒருபுறம் நின்ற நிலையில் ஓர் உருவமும், மறுபுறம் அமர்ந்த நிலையில் ஓர் உருவமும், அதனருகே நாகரி எழுத்தில் மன்னனின் பெயரும் கொண்ட இந்தக் காசு தமிழகத்திலும் இலங்கையிலும் மிகப் பெரிய எண்ணிக்கையில் கிடைத்திருப்பதால், நல்ல நிலையில் உள்ள ஒன்றை இன்றும் சில நூறு ரூபாய்க்குள் வாங்கிவிட முடிகிறது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்து 1939 என்ற ஆண்டைத் தாங்கிய பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயோ, சோழர் காசின் வயதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாதது. ஆயினும் அது போலியன்று என்று உறுதிப்பட்டுவிட்டால், சோழர் காசைப்போல் பல நூறு மடங்கு விலை கொடுக்கச் சேகரிப்பாளர்கள் காத்திருக்கிறார்கள்.

பழமைதான் ஒரு நாணயத்துக்கு மதிப்பைத் தருகிறது என்று பொதுவாக நிலவும் எண்ணம் இந்த ஓர் ஒப்பீட்டிலேயே நிலைகுலைந்துவிடுகிறது. உலோகத்தைக் காரணமாகச் சொல்லவும் வழியில்லை. 1938ஆம் ஆண்டு ரூபாயிலும் 1939ஆம் ஆண்டு ரூபாயிலும் இருப்பது ஒரே தர வெள்ளி, ஒரே எடை, ஒரே வடிவம். நாணயவியலில், அதாவது காசுகளை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு ஆராயும் துறையில், நன்கு பழகியவர்கள் ஒரு காசைக் கண்டதும் முதலில் எழுப்பும் வினா, இதுபோல் எத்தனை அச்சிட்டார்கள் என்பதன்று. அச்சிட்டவற்றில் எத்தனை மிஞ்சின என்பதே. முதல் எண்ணிக்கை நாணயச் சாலையின் ஏட்டில் இருக்கும். இரண்டாவதைத் தீர்மானித்தவை உருக்கு உலை, போர், அரசாணை, சமய உணர்வு, கப்பலை விழுங்கிய கடல் என ஏட்டுக்குள் அடங்காத ஆற்றல்கள். இரண்டாம் உலகப்போரில் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்டு 1943 முதல் 1947 வரை அச்சிட்ட ஓட்டைக் காலணா, தமிழக வீடுகளின் பழைய பெட்டிகளில் இன்றும் கிடைக்கிறது; அது பிழைத்திருப்பதில் வியப்பில்லை என்பதால் அதற்கு விலையும் இல்லை. பிழைத்திருக்கவே கூடாத காசு பிழைத்திருக்கும்போதுதான் சேகரிப்பாளரின் கண் அதன்மீது நிலைக்கிறது.

உருக்கு உலையின் கணக்கு

1835ஆம் ஆண்டு நாணயச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு ரூபாயை நிறுவியது. 180 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளியும் கொண்ட அந்த ரூபாயின் தலைகள் நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என்று மாறிக்கொண்டே வந்தாலும், எடையும் தரமும் நூறாண்டுக்கு மேல் மாறவில்லை. அந்த நம்பகத்தினால்தான் ரூபாய் என்பது வெறும் செலாவணியாக நின்றுவிடாமல், சீதனமாகவும் சேமிப்பாகவும், தேவைப்பட்டால் உருக்கிக் கொலுசாக்கும் மூலப்பொருளாகவும் குடும்பங்களில் இடம்பிடித்தது.

இரண்டாம் உலகப்போர் மூண்டதும் தாள் பணத்தின்மீது ஐயம் கொண்ட மக்கள் வெள்ளி ரூபாயை வெளியே விடாமல் பதுக்கத் தொடங்கினார்கள். அரசு 1940இல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குச் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்த்த கலப்பு உலோகத்துக்கு மாறியதோடு, போலி செய்வதைக் கடினமாக்க விளிம்பின் நடுவே ஒரு பள்ளமான வரியையும் புகுத்தியது. ஒரே முகமதிப்பில் தரம் உயர்ந்த காசும் தரம் தாழ்ந்த காசும் உலவும்போது, மக்கள் தாழ்ந்ததைச் செலவழித்து உயர்ந்ததை வைத்துக்கொள்வார்கள் என்பது பொருளியலில் கிரெஷாம் விதி என்று வழங்குகிறது. இந்தியச் சந்தைகளில் அந்த விதி அப்போது எழுத்துப் பிசகாமல் நடந்தேறியது. அரசும் தன் பங்குக்குப் பழைய தர ரூபாய்களைத் திரும்பப் பெற்றது. விக்டோரியா ரூபாய் 1941இலும், எட்வர்டு ரூபாய் 1942இலும், இரு ஜார்ஜுகளின் பழைய தர ரூபாய்கள் 1943இலும் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன.

இந்த மாற்றத்தின் விளிம்பில் அகப்பட்டுக்கொண்டதுதான் 1939ஆம் ஆண்டு ரூபாய். பழைய தரத்தில் அந்த ஆண்டைத் தாங்கி அச்சான காசுகளில் உலையைத் தாண்டி மக்கள் கைக்கு வந்து நிலைத்தவை மிகச் சில. விக்டோரியா முதல் ஆறாம் ஜார்ஜ் வரை ஆண்டுக்கு ஒன்றாக ரூபாய் வரிசையை நிரப்ப முனையும் ஒவ்வொரு சேகரிப்பாளரும் கடைசியில் வந்து நிற்பது இந்த ஒற்றை இடைவெளியின் முன்புதான். வரிசையின் மற்ற காசுகள் எளிதாகக் கிடைப்பதால் அதைத் தொடங்குவோர் பலர். தொடங்குவோர் பலர் என்பதாலேயே முடிக்கத் தேவையான அந்த ஒரு காசுக்குப் போட்டி மிகுதி. இதைவிட அரிய இந்தியக் காசுகள் எத்தனையோ உண்டு. ஆனால் தேடுவோர் இல்லாத அருமைக்குச் சந்தையில் மதிப்பில்லை.

ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாயான 1911ஆம் ஆண்டுக் காசு வேறொரு பாடத்தைத் தருகிறது. மன்னரின் அங்கிமீது கிடக்கும் விருதுச் சங்கிலியில் சிறிய யானை உருவம் ஒன்றைச் செதுக்கிய கலைஞர், தும்பிக்கையைக் குறுக்கியும் காதைச் சுருக்கியும் விட்டதால், அது பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடி இன்றிப் பார்த்தால் ஒரு மிளகு அளவுகூட இல்லாத அந்த உருவம் சமய உணர்வைப் புண்படுத்துவதாக எதிர்ப்புக் கிளம்பியதும், அரசு அந்த ரூபாயை நிறுத்தியது. அச்சிட்டிருந்த சுமார் 94 லட்சம் காசுகளில் 7 லட்சம் அளவே வெளியே போயிருந்தன, மீதி உருக்கப்பட்டது. 1912இல் தும்பிக்கையும் காதும் தெளிவாகத் தெரியும்படி திருத்திய அச்சு பயன்பாட்டுக்கு வந்தது. அச்சு என்பது படத்தையும் எழுத்தையும் தலைகீழாகக் குழித்து வெட்டிய எஃகுக் கட்டை. அதில் ஒரு மயிரிழை மாறினாலும் அதிலிருந்து பிறக்கும் லட்சக்கணக்கான காசுகளிலும் அந்த மாற்றம் பதிந்துவிடும்.

ஏழு லட்சம் என்பது நாணய உலகில் அரிய எண்ணிக்கை அன்று. அதைவிடக் குறைவாக அச்சாகியும் கேட்பாரற்றுக் கிடக்கும் காசுகள் உள்ளன. ஆயினும் ‘பன்றி ரூபாய்’ என்ற பெயரோடு இந்தக் காசை மக்கள் தேடுவதற்குக் காரணம், பேரரசு ஒன்று தன் குடிமக்களின் மனத்தாங்கலுக்கு அஞ்சித் தன் மன்னரின் உருவம் தாங்கிய காசையே திரும்பப் பெற்ற நிகழ்ச்சி, கையில் எடுத்துப் பார்க்கும் சான்றாக அதில் உறைந்திருப்பதுதான். எண்ணிக்கை ஆசையைத் தூண்டலாம். ஆசையை நிலைக்கச் செய்வது கதை.

இருபது டாலர் கட்டிய பிறகு

அரசாணை, அழிப்பு, தப்புதல், வழக்கு ஆகிய அனைத்தும் ஒரே காசில் சேர்ந்ததற்கு அமெரிக்காவின் 1933ஆம் ஆண்டு இருபது டாலர் தங்க நாணயத்தை மிஞ்சிய எடுத்துக்காட்டு இல்லை. ‘இரட்டைக் கழுகு’ என்று அழைக்கப்படும் இந்த நாணய வகையைச் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் வடிவமைத்தார். தீப்பந்தமும் ஒலிவக் கிளையும் ஏந்தி நடந்துவரும் சுதந்திர தேவியின் உருவமும், கதிரவனுக்கு மேலே பறக்கும் கழுகும் கொண்ட இந்த வடிவம் அமெரிக்க நாணயங்களில் அழகில் தலைசிறந்தது என்பது பலரும் ஏற்கும் கருத்து. 1933இல் ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலை இவ்வகையில் 4,45,500 காசுகளை அச்சிட்டது. ஆனால் பெருமந்தத்தின் நடுவே பதவியேற்ற அதிபர் ரூஸ்வெல்ட், அதே ஆண்டு ஏப்ரலில், தங்க நாணயங்களையும் கட்டிகளையும் மக்கள் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டதால், புதிய காசுகளை வெளியிடும் தேவையே இல்லாமல் போயிற்று. ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அளித்த இரண்டைத் தவிர மற்றவை அனைத்தும் உலைக்குப் போனதாகவே அரசு நம்பியது.

அவ்வாறு போகாமல் சுமார் இருபது காசுகள் வெளியேறியிருந்தன என்பது பின்னர் தெரியவந்தது. அவற்றுள் ஒன்றை எகிப்தின் மன்னர் ஃபாரூக் 1944இல் வாங்கியபோது, காசின் வரலாற்றை அறியாத அமெரிக்க அதிகாரிகள் முறைப்படி ஏற்றுமதி உரிமம் கொடுத்துவிட்டார்கள். 1952 புரட்சியில் மன்னர் பதவி இழந்தபின், 1954இல் கெய்ரோவில் அவருடைய சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. அமெரிக்க அரசின் வேண்டுகோளின்பேரில் இந்தக் காசு மட்டும் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டு, பிறகு பல பத்தாண்டுகள் எங்கிருக்கிறது என்றே தெரியாமல் மறைந்தது. 1996இல் நியூயார்க் விடுதி ஒன்றில் விற்பனைப் பேச்சு நடந்தபோது அதிகாரிகள் அதைக் கைப்பற்றினார்கள். வழக்கு நடந்த காலத்தில் உலக வர்த்தக மையக் கட்டடத்தின் பெட்டகத்தில் இருந்த காசு, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அரசின் தங்கக் கிடங்கான ஃபோர்ட் நாக்ஸுக்கு மாற்றப்பட்டது. உலையிலிருந்து ஒருமுறையும், இடிபாட்டிலிருந்து மறுமுறையும் தப்பியது அது.

ஏற்றுமதி உரிமம் இருந்த காரணத்தால் இந்த ஒரு காசைத் தனியார் வைத்துக்கொள்ளலாம் என்று சமரசம் ஏற்பட்டு, 2002 ஜூலையில் அது ஏலம் போனபோது மொத்தத் தொகை 75,90,020 டாலர். இறுதியில் நிற்கும் அந்த இருபது டாலரைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1933இல் சட்டப்படி வெளியிடப்படாததால் அது அதுவரை பணமே அன்று; வெறும் தங்க வில்லை. வாங்கியவர் அதன் முகமதிப்பான இருபது டாலரை அமெரிக்கக் கருவூலத்துக்குச் செலுத்திய பிறகே அது நாணயம் என்ற தகுதியை அடைந்தது. 2021 ஜூனில் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது அதன் விலை 1 கோடியே 88 லட்சம் டாலரைத் தாண்டியது; அதுவரை எந்த நாணயமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. இதே வடிவமும் எடையும் தங்கமும் கொண்ட 1924ஆம் ஆண்டு இரட்டைக் கழுகு, அதிலுள்ள தங்கத்தின் விலையைச் சற்றே மிஞ்சிய தொகைக்குக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், சேகரிப்பாளர் பணம் கொடுப்பது எதற்கு என்பது விளங்கும்.

புளி போட்டுத் தேய்த்த காசு

ஒரே ஆண்டு, ஒரே நாணயச் சாலை, ஒரே வகை என்ற நிலையில் உள்ள இரு காசுகளுக்கிடையே விலை பத்து மடங்கு வேறுபடுவது உண்டு. அங்கே பேசுவது காசின் உடல்நிலை. அச்சின் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பரவும்போது, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வரிகள் ஆரக்கால்களைப்போல் மேற்பரப்பில் பதிகின்றன. புத்தம்புதிய வெள்ளிக் காசை விளக்கொளியில் மெல்லத் திருப்பினால் ஒளிக்கீற்று ஒன்று சுழன்று ஓடுவது இவ்வரிகளால்தான். கை மாறத் தொடங்கிய சில நாளிலேயே, மேடான இடங்களில், அதாவது மன்னரின் கன்னத்திலும் கிரீடத்தின் முகட்டிலும் காதுக்கு மேலுள்ள மயிரிலும், இந்த வரிகள் தேய்ந்து ஒளி அறுபடுகிறது. புழக்கத்துக்கே போகாத காசு என்று சேகரிப்பாளர்கள் பிரித்துச் சொல்வது அந்த ஒளி எங்கும் அறுபடாத காசைத்தான்.

இந்தத் தேய்மானத்தை எண்ணால் குறிக்க அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949இல் ஒன்று முதல் எழுபது வரையிலான அளவுகோல் ஒன்றை முன்வைத்தார். அமெரிக்கப் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக மட்டும் அவர் வகுத்த அந்த முறை பின்னர் எல்லா நாணயங்களுக்கும் பரவி, 1980களின் பிற்பகுதியில் காசுகளைத் தரம்பிரித்து ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரையிடும் நிறுவனங்கள் அமெரிக்காவில் தோன்றியபோது சந்தையின் பொதுமொழியாகிவிட்டது. அந்த உறைகள் வாங்குபவருக்கு ஓரளவு பாதுகாப்புத் தருவது உண்மை. ஆனால் காசை விட்டுவிட்டு உறைமீதுள்ள எண்ணை மட்டும் வாங்கும் பழக்கமும் அதோடு வளர்ந்திருப்பது வருந்தத்தக்கது. 64க்கும் 65க்கும் இடைப்பட்ட வேறுபாடு பல நேரங்களில் தரம்பிரிப்பவரின் கண்ணில் இருக்கிறதேயன்றிக் காசில் இல்லை.

தமிழக வீடுகளில் பழங்காசுகளுக்கு நேரும் பெருங்கேடு நல்லெண்ணத்தால் நேர்வது. கறுத்துப்போன காசு கிடைத்ததும், குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். செம்பின்மீது பல நூற்றாண்டுகளில் படிந்த பழுப்பும் பச்சையுமான படலம் அழுக்கு அன்று; உலோகம் காற்றோடும் மண்ணோடும் வினைபுரிந்து தனக்குத்தானே இட்டுக்கொண்ட காப்பு அது. அதை நீக்கினால் அடியிலுள்ள மேற்பரப்பும் சேர்ந்து போகிறது, எழுத்தின் கூர்மை மழுங்குகிறது, உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் எங்கும் தெரிகின்றன. இந்தக் கீறல்களை எந்த வேதிப்பொருளாலும் பிறகு ஆற்ற முடியாது. இதனால்தான் அனுபவமுள்ள சேகரிப்பாளர் காசை விளிம்பில் மட்டும் பிடிக்கிறார். மென்மையான பிவிசி உறைகள் நாளடைவில் பசைபோன்ற பச்சைப் படிவை உண்டாக்கும் என்பதால் அவற்றையும் தவிர்க்கிறார்.

சட்டைப்பைச் சில்லறையில் அரிய காசு உண்டா என்ற ஆவல் இயல்பானது. இன்றைய இந்திய நாணயங்களில் ஆண்டு எண்ணுக்குக் கீழே வைரம்போன்ற சாய்சதுரம் இருந்தால் மும்பை, விண்மீன் இருந்தால் ஐதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா என்று சாலையை இனங்காணலாம்; சில ஆண்டுகளில் ஒரு சாலை மிகக் குறைவாக அச்சிட்டிருக்கும் என்பதால் இந்தச் சிறு குறி விலையை மாற்றவல்லது. 1918இல் மட்டும் பம்பாயில் பிரிட்டிஷ் சாவரின் தங்க நாணயத்தை அச்சிட்டபோது அதில் ஆங்கில ‘ஐ’ எழுத்து குறியாக இடப்பட்டது; சுமார் 13 லட்சம் காசுகளே இந்தக் குறியோடு பிறந்ததால், சாவரின் வரிசையைச் சாலைவாரியாகச் சேர்ப்போருக்கு அது தவிர்க்க முடியாத ஒன்றாகிறது. பிழைக்காசுகளும் இவ்வாறே. முந்தைய காசு அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்த காசின் ஒருபுறத்தில் அதே தலை பள்ளமாகத் தலைமாறிப் பதிவதும், ஒரு நாணயத்தின் முன்புறத்தோடு வேறொன்றின் பின்புறம் தவறுதலாக இணைவதும், நாணயச் சாலையின் சரிபார்ப்பைத் தாண்டி வெளியே வந்த விதிவிலக்குகள். 2008இல் பிரிட்டனின் 20 பென்ஸ் நாணயத்தில் ஆண்டு எண்ணை ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்கு மாற்றிய வேளையில், பழைய முன்புற அச்சும் புதிய பின்புற அச்சும் சேர்ந்துவிட்டதால் ஆண்டே இல்லாத காசுகள் வெளியாகி, இன்றும் அவை முகமதிப்பைவிடப் பல மடங்குக்கு விலைபோகின்றன.

ஆனால் வைஷ்ணவி தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்கள் லட்சக்கணக்கில் விலைபோகும் என்று கைப்பேசிக்குக் கைப்பேசி பரவும் செய்தி முழுப் பொய். பெருமளவில் வெளியிடப்பட்டு, இன்றும் செலாவணியில் உள்ள நாணயங்கள் அவை. இத்தகைய ஆசையைத் தூண்டிவிட்டு, விற்பனைக் கட்டணம், வரி என்று முன்பணம் கறக்கும் மோசடிகள் பெருகியதால், தன் பெயரைப் பயன்படுத்திப் பழைய நாணய விற்பனைக்குக் கட்டணம் கேட்போரை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரிக்க நேர்ந்தது. ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் சேகரிப்பாளர்கள் அல்லர், வீட்டில் இருந்த காசைக் கொண்டு ஒரு கடனையாவது அடைக்கலாம் என்று நம்பிய எளிய மக்கள் என்பதால், நாணயவியல் அறிந்தவர்கள் இதை உரக்கச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

ஆசை பெருகும் இடத்தில் கள்ளக்காசும் பெருகும். 1938இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிய ரூபாய்கள், அச்சில் வார்த்து எடுத்த முழுப் போலிகள், ராசிச் சின்னங்கள் பொறித்த, முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் காலக் காசுகளின் பிற்காலப் படிகள் ஆகியவை சந்தையில் உண்மைக் காசுகளைவிட அதிகம். 1618 வாக்கில் மாதத்தின் பெயருக்குப் பதிலாக அந்த மாத ராசியின் உருவத்தையே பொறிக்கச் செய்த ஜஹாங்கீரின் தங்க மொகராக்கள், இஸ்லாமிய நாணய மரபில் அரிதாகவே காணும் துணிவுடையவை என்பதால் அவற்றுக்கான போலிகளும் நூற்றாண்டுக் கணக்கில் செய்யப்பட்டு வந்திருக்கின்றன. காசைச் சுண்டி ஓசை கேட்பது பழைய முறை. இன்று துல்லியத் தராசும் விட்டமளக்கும் கருவியும் பத்து மடங்கு உருப்பெருக்கியும் முதல் சோதனை. வார்ப்புப் போலியில் எழுத்தின் ஓரங்கள் சோப்புக் கட்டியைப்போல் உருண்டிருக்கும், மேற்பரப்பில் ஊசிமுனைப் புரைகள் தெரியும், விளிம்பைச் சுற்றி இரு பாதிகள் சேர்ந்த தடம் இருக்கும்.

கடல் திருப்பித் தந்தவை

மிஞ்சிய எண்ணிக்கை ஒருமுறை தீர்மானமாகிவிட்டால் மாறாது என்று எண்ணுவதற்கில்லை. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் சோஹோ சாலையில், நீராவி எந்திரங்களைக் கொண்டு மாத்யூ போல்டன் அச்சிட்ட 1808ஆம் ஆண்டுப் பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கம்பெனிக் கப்பல், 1809 ஜனவரியில் கெண்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. ஒருபுறம் கம்பெனியின் கேடயமும் சிங்கங்களும், மறுபுறம் பாரசீக எழுத்தும் கொண்ட அந்தச் செப்புக் காசுகள், தாங்கள் செலவாக வேண்டிய சந்தைகளை ஒருநாளும் காணாமல் கடலடியில் கிடந்து, 1980களில் பத்து லட்சத்துக்கும் மேல் மீட்கப்பட்டன. புழக்கத்தில் தேய்ந்த 1808ஆம் ஆண்டுக் காசையே கண்டு பழகியிருந்த சேகரிப்பாளர்களுக்குத் தேயாத காசுகள் திடீரென்று மலிவாகக் கிடைத்தன. மணலின் அரிப்பால் மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பான இந்தக் கடற்காசுகளுக்கும், சென்னைக்கு வந்து சேர்ந்து கைபட்டுத் தேய்ந்த காசுகளுக்கும் இடையே தேர்வு செய்யச் சொன்னால், தேய்ந்த காசே மேல் என்று கொள்வதில் நியாயம் உண்டு. திருவல்லிக்கேணியிலோ தஞ்சையிலோ அரிசி வாங்கியது அந்தக் காசுதான்.

அருமையும் நிலையும் கதையும் சேர்ந்தும் ஈடு செய்ய முடியாத ஒன்று உண்டு. அது காசு எங்கிருந்து கிடைத்தது என்ற செய்தி. புதுக்கோட்டைச் சீமையின் கறுக்காக்குறிச்சியில் 1898இல் வெளிப்பட்ட புதையலில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் இருந்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் அந்தக் காசுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு விழுந்திருந்தது. ரோமில் கிடைத்த காசொன்றில் இவ்வாறு வெட்டு இருந்தால் அது சேதம் என்று ஒதுக்கப்படும். தமிழ்நாட்டில் கிடைத்ததால் அது ஆய்வுப்பொருளாகிறது. தேய்ந்து எடை குறைந்த காசு மீண்டும் செலாவணியாகாமல் தடுக்க இட்ட வெட்டு என்று அந்தப் புதையலை ஆராய்ந்து எழுதிய ஜார்ஜ் ஹில் கருதினார்; அயல் மன்னனின் முகத்தைச் சிதைக்கும் நோக்கம் என்று சொல்வாரும் உளர். எப்படியாயினும், காசுகள் ஒன்றாகக் கிடைத்து, ஒன்றாக எண்ணப்பட்டு, ஒன்றாக எழுதப்பட்டதால்தான் இந்த விவாதமே நடக்க முடிகிறது. அவை பல கைகளுக்குப் பிரிந்து போயிருந்தால் வெட்டுப்பட்ட ஐந்நூறு தங்க வில்லைகள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களின் கையில் அகப்பட்ட காசுகளுக்கு இத்தகைய நற்பேறு முழுதாக வாய்க்கவில்லை. ஆயினும், தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் அவற்றை வாங்கியதோடு நில்லாமல் படித்து வெளியிட்டதால் சங்க கால வரலாற்றின் ஒரு பக்கமே மாறியது. 1980களின் நடுவில் அவர் அறிமுகப்படுத்திய சிறிய செவ்வகச் செப்புக் காசின் ஒருபுறம் குதிரையும் தமிழி என்னும் பண்டைத் தமிழ் எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பெயரும், மறுபுறம் கோட்டுருவ மீனும் இருந்தன. சங்கப் பாடல்கள் சொல்லும் வழுதி என்ற பாண்டியப் பெயருக்கு உலோகத்தில் சான்று கிடைத்தது. ரோமானிய வெள்ளிக் காசின் சாயலில் மனிதத் தலையும் அதன்மேல் ‘மாக்கோதை’ என்ற பெயரும் கொண்ட சேரர் வெள்ளிக் காசுகளும் கரூர் ஆற்றுப்படுகை தந்தவையே. சங்க மன்னர்கள் தங்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்களா என்ற ஐயம் நீடித்த காலத்தில், அரை விரல் அளவுகூட இல்லாத இந்தக் காசுகள் அதைத் தீர்த்துவைத்தன. எழுத்து படிக்கப்படுவதற்கு முதல்நாள் அது பெயர் தெரியாத பழங்காசு. படிக்கப்பட்ட மறுநாள் தமிழகமே தேடும் காசு. இடையில் காசில் எதுவும் மாறவில்லை.

இந்தியாவில் பழங்காசு சேர்ப்போர் இரண்டு சட்டங்களை அறிந்திருக்க வேண்டும். மண்ணில் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. நூறாண்டு கடந்த நாணயங்களைத் தொல்பொருளாகக் கருதி, தனியார் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்வதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. சட்டத்துக்கு அப்பால், பொறுப்புள்ள சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு காசையும் தனித் தாளுறையில் இட்டு, அதன் எடை, விட்டம், வாங்கிய நாள், விற்றவர் சொன்ன கண்டெடுப்பு ஊர், அது உறுதியான செய்தியா செவிவழிச் செய்தியா என்பது ஆகியவற்றை உறைமேல் பென்சிலால் எழுதிவைக்கிறார்கள். மதுரையிலும் கரூரிலும் கிடைத்த எழுத்தில்லாத சதுரச் செப்புக் காசுகள் பல இன்னும் இன்ன மன்னருடையவை என்று தீர்மானிக்கப்படாமல் இருக்கின்றன. அவற்றைப் படிக்க வரும் ஆய்வாளருக்கு முதல் தடயமாக அமையப்போவது அந்தப் பென்சில் வரிகளில் உள்ள ஊர்ப்பெயர்தான்.